ரியோஹா: ஓக் மரம் வளர்த்த ஒயின்

ஸ்பெயினின் ரியோஹா சிவப்பு ஒயினை முதன்முறை முகர்கிறவர்களுக்கு வெனிலா வாசனையும் லேசான தேங்காய் வாசனையும் தட்டுப்படும். திராட்சைச் சாற்றில் இவை எப்படி வந்தன? யாரும் எதையும் கலக்கவில்லை. இரண்டும் பீப்பாயிலிருந்து வந்தவை. அமெரிக்க வெள்ளை ஓக் பலகைகளை நெருப்பில் வாட்டி வளைக்கும்போது மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் உண்டாகிறது. தேங்காய் மணத்துக்குக் காரணம் அதே மரத்தில் இயல்பாகவே உள்ள லாக்டோன் என்ற சேர்மம்.

வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 100 கி.மீ. நீளத்துக்கு ரியோஹாவின் திராட்சைத் தோட்டங்கள் பரவியிருக்கின்றன. வடக்கே நிற்கும் கன்டாப்ரியா மலை, அட்லாண்டிக்கின் குளிர்காற்றை மறித்துவிடுகிறது. இங்கே முதன்மையான ரகம் டெம்ப்ரனீயோ. தோல் தடித்த கறுப்புத் திராட்சை. மற்ற பல ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடும். இதோடு கர்னாச்சா, கிராசியானோ முதலிய ரகங்களையும் சேர்ப்பதுண்டு.

பீப்பாய்ப் பழக்கம் பிரான்ஸின் போர்டோவிலிருந்து வந்தது. 1850களிலேயே முரியேட்டா, ரிஸ்கால் என்ற இரு பிரபுக்கள் அந்த முறையை இங்கே தொடங்கிவிட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில், அசுவினிக்கு உறவான ஃபைலாக்சிரா பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை வேரோடு அழித்தது. சரக்கில்லாமல் தவித்த போர்டோ வணிகர்கள் பிரனீஸ் மலையைத் தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஆரோ என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒயின் கூடங்கள் எழும்பின. 1877இல் லோபெஸ் தே எரேதியாவும் 1879இல் குனேயும் தொடங்கின. இரண்டும் இன்றும் அங்கேயே இயங்குகின்றன. பின்னர் ரியோஹாவுக்கும் பூச்சி வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள்.

முறை பிரெஞ்சுக்காரர்களுடையது என்றாலும், மரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் ரம்பத்தால் அறுத்த பலகையும் கசியாது. பிரெஞ்சு ஓக்கை இழையோட்டம் பார்த்துப் பிளக்க வேண்டும். சேதாரம் அதிகம், விலையும் அதிகம்.

225 லிட்டர் பீப்பாயில் ஒயின் சும்மா கிடப்பதில்லை. பலகை வழியே மிகச் சிறிய அளவில் ஆக்சிஜன் உள்ளே போகிறது. நிறமிகளும் துவர்ப்பைத் தரும் டேனின்களும் ஒன்றோடொன்று பிணைகின்றன. மாதுளைத் தோலைக் கடித்தது போன்ற துவர்ப்பு மெல்லத் தணிகிறது. ஊதா நிறம் செங்கல் நிறத்துக்கு வருகிறது. செர்ரிப் பழச் சுவை பின்வாங்க, உலர்பழம், தோல், புகையிலை மணங்கள் முன்னே வருகின்றன. அடியில் மண்டி படியும். பழைய கூடங்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு பீப்பாய்க்கு இறுத்து மாற்றுவார்கள். தொழிலாளி வழியும் ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் பிடித்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்ப்பார். கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். இந்த வேலையில் கைப்பழக்கத்துக்கு மாற்றே கிடையாது.

புட்டியின் பின்பக்க முத்திரையைப் பார்த்தே வயதை அறியலாம். கிரியான்சா என்றால் இரண்டு ஆண்டு, அதில் குறைந்தது ஓராண்டு பீப்பாயில். ரிசர்வா மூன்று ஆண்டு. கிரான் ரிசர்வா ஐந்து ஆண்டு. அதில் இரண்டு ஆண்டாவது பீப்பாயிலும் இரண்டு ஆண்டாவது புட்டியிலும் இருந்தாக வேண்டும். விலைக்கும் தரத்துக்கும் பொருந்திவருவது ரிசர்வாதான். அண்மைக் காலத்தில் சிலர் புதிய பிரெஞ்சு ஓக்கில் அடர்த்தியான ஒயின்களைச் செய்கிறார்கள். அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் ரியோஹாவை அடையாளம் காட்டுவது அந்தப் பழைய, நிதானமான பாணியே.

சாப்பாட்டில் இதற்குப் பொருத்தமான துணை ஆட்டுக்கறி. குளிர்காலத்தில் கவாத்து செய்த கொடிக் குச்சிகளைக் கட்டிக் காயவைத்து, பிறகு அவற்றைக் கொளுத்திய தணலில் பால்குடி ஆட்டுக்குட்டியின் சிறு விலாக் கறித்துண்டுகளை வாட்டுகிறார்கள். உப்பு மட்டும் போதும். கறியின் புரதமும் கொழுப்பும் டேனினோடு சேரும்போது வாயில் துவர்ப்பு அடங்கிவிடும். வீடுகளில் அன்றாடம் பொருந்துவது உருளைக்கிழங்கும் சொரிசோ என்ற பன்றியிறைச்சித் தொத்திறைச்சியும் சேர்ந்த குழம்பு. கிழங்கைக் கத்தியால் பாதி நறுக்கி, மீதியைப் பிய்த்துப் போடுகிறார்கள். பிய்ந்த முகத்திலிருந்து மாவுச்சத்து இறங்கிக் குழம்பு கெட்டிப்படும். அதில் சேரும் மிளகாய்த்தூள் நிறத்துக்கும் இனிப்பான மணத்துக்கும்தான். மிளகாய் தூக்கலான கறிக்கு இந்த ஒயின் ஒத்துவராது. டேனினும் ஆல்கஹாலும் காரத்தின் எரிச்சலைக் கூட்டிவிடும்.