வழி தேடிய சுழியோடி

அன்புவழிபுரத்துச் சிறுவன் ஒருவன் கோணேசர் கோயிலுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். சுவாமிமலையில் நின்று கீழே பார்த்து, "அப்பா, இந்தக் கடலுக்கடியில் என்ன இருக்கு?" என்று கேட்கிறான். "பேசாமல் வாடா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுகிறோம். இதே கேள்வியைக் கடைசிவரை கைவிடாத ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம்.

ஆதர் சி. கிளார்க் 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையில் பல்கலைக்கழகம் செல்ல வசதியில்லை. இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வு உத்தியோகம் கிடைத்தது. நம்மவர்கள் நேர்த்தி வைத்துக் கேட்கும் உத்தியோகம்! மனமோ விண்வெளியைச் சுற்றியது. யுத்தம் வந்ததும் விமானப்படையில் ராடார் வேலை. 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதி பூமியைச் சுற்ற ஒரு நாள் எடுக்கும். பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால், அது வானில் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்றார். 1960களில் அத்தகைய செய்மதிகள் விண்ணுக்குச் சென்றன.

எடையற்று மிதப்பது எப்படியிருக்கும் என்ற ஆவல் அவரைச் சுழியோட வைத்தது. 1956இல் இலங்கையில் குடியேறினார். அவ்வாண்டே நண்பர் மைக் வில்சனுடன் சுவாமிமலையடியில் சுழியோடியபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் கண்ணிற்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் ஆலயத்தின் சிதைவுகள் அவை. பவளப்பாறைகளைத் தேடி வந்தவருக்கு நமது சரித்திரம் கிடைத்தது. 1957இல் வெளிவந்த 'த றீவ்ஸ் ஒவ் தப்ரபேன்' என்ற நூலில் இதனை எழுதினார். பின்னாளில் சக்கர நாற்காலியை நாடியபோதும் கடலை அவர் மறக்கவில்லை. 2008இல் கொழும்பில் காலமானார்.

'கேள்வி சோறு போடுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். யுத்த ஆண்டுகளில் பிள்ளை வாசல் தாண்டினாலே நெஞ்சு பதறிய ஊர் இது. ஆனால் கிளார்க்கும் உத்தியோகத்தை ஒரே நாளில் உதறிவிடவில்லை. வேலையையும் பார்த்தார், கேள்வியையும் காத்தார். யுத்தத்தின் பின்னரே பட்டம் பெற்றார். அதன் பிறகே முழுநேர எழுத்தாளரானார். தன்வழி காண்பது என்றால் வீட்டை விட்டு ஓடுவதல்ல. கேள்வியைச் சாகவிடாமல் வைத்திருப்பது.

அடுத்தமுறை அந்தச் சிறுவன் கேட்டால், தெரியாது என்றாவது சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் கொஞ்சநேரம் கடலைப் பாருங்கள்.