குலுக்கலில் விழும் பெயர்

அமெரிக்காவில் லாரி ஓட்டும் ஒருவர் காலையில் வண்டிச் சாவியைக் கேட்டு நிற்கிறார். மேலாளர் சாவியைத் தரவில்லை, ஒரு தாளைத் தருகிறார். "உங்கள் பெயர் விழுந்திருக்கிறது, கொடுத்துவிட்டு வாருங்கள்." கொடுக்க வேண்டியது சிறுநீர். அவர் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவர் விபத்து எதுவும் செய்யவில்லை. போன மாதம்தான் கொடுத்தேன் என்றாலும் விட மாட்டார்கள். இந்தச் சுமையை இறக்கிவிட்டு மத்தியானம் போகிறேன் என்றும் சொல்ல முடியாது. தகவல் வந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்பது விதி. போக மறுத்தால், போதைப்பொருள் இருந்ததாக முடிவு வந்ததற்கு அது சமம்.

வேலையிடத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும் போதைப்பொருள் பரிசோதனை இதுதான். கப்பலில் வேலை பார்ப்பவர்கள், விமானிகள், அமெரிக்க வங்கிகளுக்கு வேலை செய்யும் ஐ.டி. ஊழியர்கள் என நம்மவர்களில் பலர் ஏதோ ஒரு வடிவத்தில் இதைச் சந்திக்கிறார்கள். இதன் விதிகள் மிக விரிவாக எழுதப்பட்ட இடங்களில் ஒன்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை. அதைப் பார்த்தால் மற்றவையும் ஓரளவு புரியும்.

பழக்கம் கடற்படையிலிருந்து வந்தது. 1981 மே மாதம் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வந்த போர்விமானம் ஒன்று தளத்திலேயே மோதி எரிந்தது. 14 பேர் இறந்தார்கள். பிணப் பரிசோதனையில், இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடம் இருந்தது. நாடே அதைப் பேசியது. கடற்படை எல்லோரையும் சோதிக்கத் தொடங்கியது. 1986 செப்டம்பரில் அதிபர் ரீகன், மத்திய அரசு ஊழியர்கள் போதைப்பொருள் பக்கமே போகக் கூடாது என்று ஆணை போட்டார். அடுத்த ஜனவரி 4-ஆம் தேதி மேரிலாந்தில் சேஸ் என்ற ஊருக்கு அருகே, சிக்னலைத் தாண்டி வந்து நின்ற மூன்று ரயில் எஞ்சின்கள் மேல் ஒரு பயணிகள் ரயில் மிக வேகமாக வந்து மோதியது. 16 பேர் போனார்கள். எஞ்சின்களில் இருந்த இரண்டு ஊழியர்களும் கஞ்சா பிடித்திருந்தார்கள். அவர்களை எச்சரிக்க வேண்டிய விசிலின் வாயை யாரோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் ஒன்று தடம் புரண்டு 5 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார். இரண்டே மாதத்தில் சட்டம் நிறைவேறியது. லாரி, பேருந்து, ரயில், விமானம் என்று பிறர் உயிரைச் சுமக்கும் வேலை எல்லாவற்றுக்கும் குலுக்கல் முறைப் பரிசோதனை கட்டாயம் என்றது அது.

நடுவில் நீதிமன்றத்தில் ஒரு சுவையான வழக்கு. குற்றம் செய்தான் என்ற சந்தேகம் இல்லாமல் ஒருவன் உடலுக்குள் அரசு தேடலாமா என்பது கேள்வி. 1989 மார்ச் 21-ஆம் தேதி ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. விபத்துக்குப் பின் ரயில் ஊழியரைச் சோதிக்கலாம் என்றது முதலாவது. அதில் 7 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். போதைக் கடத்தலைத் தடுக்கும் வேலைக்கோ துப்பாக்கி ஏந்தும் வேலைக்கோ வரும் சுங்கத் துறையினரைச் சோதிக்கலாம் என்றது இரண்டாவது. அதில் 5-க்கு 4. முதல் வழக்கில் அரசு பக்கம் நின்ற நீதிபதி ஸ்காலியா இரண்டாவதில் எதிர்த்து எழுதினார். ரயில்காரர்களிடம் போதைப் பழக்கம் விபத்தாக முடிந்ததற்கு ஆதாரம் இருக்கிறது, சுங்கத் துறையில் அப்படி ஒன்றையும் அரசு காட்டவில்லையே, வெறும் அடையாளத்துக்காக ஒருவர் மானத்தில் கை வைப்பதா என்பது அவர் வாதம். ஸ்காலியா பழமைவாதி என்று பெயர் எடுத்தவர், ஊழியர் சங்கத்தின் ஆள் இல்லை. அதனால்தான் அந்த எதிர்ப்புக்கு எடை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி குலுக்கலுக்கு வருவோம். லாரி ஓட்டுநர்களுக்கு ஆண்டு விகிதம் இப்போது 50 சதவீதம். 2016 முதல் 25 ஆக இருந்தது, பிடிபடுவோர் பங்கு 1 சதவீதத்தைத் தொட்டதால் 2020-இல் மறுபடி 50 ஆனது. ஒரு நிறுவனத்தில் 100 ஓட்டுநர்கள் இருந்தால் ஆண்டுக்கு 50 பரிசோதனை. ஆளில் பாதி சோதிக்கப்படுகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் எல்லாப் பெயரும் மறுபடி உள்ளே போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை குலுக்கினால், ஆண்டு முடிவில் ஏறக்குறைய 60 பேருக்குச் சீட்டே விழுந்திருக்காது. சிலருக்கு இரண்டு தடவை விழுந்திருக்கும். "என்னையே குறி வைக்கிறார்கள்" என்ற புலம்பல் பல இடங்களில் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு பெயர் எடுத்தாலும் செல்லாது, கணினி போன்ற ஒரு முறையான வழியில்தான் எடுக்க வேண்டும். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர் என்ன செய்வார்? தன் பெயரைத் தானே குலுக்க முடியாது. அவரைப் போன்ற பலர் சேர்ந்த ஒரு தொகுப்பில் அவர் பெயர் கொடுத்தாக வேண்டும்.

நேற்று எடுத்தார்கள், இனி ஆறு மாதம் கவலை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குலுக்கலின் நோக்கமே அதுதான். ஆளைப் பிடிப்பதைவிட ஆளைத் தயங்க வைப்பதே அதன் வேலை.

பரிசோதனை நடக்கும் கழிப்பறை வேடிக்கையான இடம். தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும், அதை மொண்டு சிறுநீரில் கலக்காமல் இருக்க. குழாயை அடைத்திருப்பார்கள். சட்டைப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். சாதாரணமாக உள்ளே யாரும் கூட வருவதில்லை, ஏமாற்ற முயன்றதற்கு அடையாளம் இருந்தால் கண்ணெதிரே கொடுக்கச் சொல்வார்கள். கோப்பை வெளியே வந்து 4 நிமிடத்துக்குள் சூடு பார்க்கிறார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய போலிச் சிறுநீரைக் கொண்டுவருகிறவர்கள் அதை உடம்போடு ஒட்டிவைத்துச் சூடாக்கிப் பார்க்கிறார்கள். இதற்கென்றே ஒரு வியாபாரம் நடக்கிறது. பதற்றத்தில் சிறுநீரே வரவில்லை என்றால் 3 மணி நேரம் வரை உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக 1.2 லிட்டர் அளவுக்குக் குடிக்கத் தருவார்கள்.

குறைந்தது 45 மில்லிலிட்டர் வேண்டும். அதை அவர் கண்முன்னே 30, 15 என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரை வைத்து, முத்திரைமேல் அவரிடமே சுருக்கொப்பம் வாங்குகிறார்கள். இந்த இரண்டாவது குப்பிதான் ஊழியருக்குள்ள பெரிய காப்பு.

காப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 1000 பேரில் 10 பேர் மட்டும் போதைப்பொருள் பயன்படுத்துகிறார்கள், முதல் சோதனை நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 பேரும் பிடிபடலாம். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் இன்னொரு 10 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். பிடிபட்ட இருபது பேரில் பாதி ஒன்றும் அறியாதவர்கள். பழக்கம் இருப்பவர்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு இந்தத் தவறு பெரிதாகும். முதல் சோதனை ஒரு பொருளின் வடிவத்தை வைத்து அடையாளம் காண்பது, சாயல் ஒத்த வேறொன்றைக் கண்டாலும் ஏமாறும். மூக்கடைப்புக்குப் போடும் சில மாத்திரைகள் ஊக்க மருந்துபோல் தெரிவது அப்படித்தான். எனவே முதலில் சிக்கியது எதுவும் முடிவு ஆகாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து இன்னது என்று உறுதி செய்த பிறகே பேச்சு. மலிவான சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு அன்றே ஆளை வேலையைவிட்டு அனுப்புகிற நிறுவனம் இந்தக் கணக்கைப் படிக்காத நிறுவனம்.

இப்போது நம் குருமாவுக்கு வருவோம். அதில் அரைத்துப் போடும் கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் மார்ஃபின் இல்லை. காயின் பால் அறுவடையின்போது மேலே ஒட்டிக்கொள்கிறது. நன்றாகக் கழுவாத கசகசாவைச் சாப்பிட்டவரின் சிறுநீரில் மார்ஃபினும் கோடீனும் உண்மையிலேயே இருக்கும். கருவி பொய் சொல்லவில்லை, ஆள் தப்பும் செய்யவில்லை! அமெரிக்காவில் விதை தூவிய ரொட்டி தின்றவர்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். அதனால் 1998-இல் முதல் சோதனையின் எல்லை அளவை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. ஹெராயின் எடுத்தவர் உடலில் மட்டும் உண்டாகும் ஒரு பொருள் தனியே இருக்கிறது, அதையும் தேடுகிறார்கள். ஆனாலும் 15,000-ஐத் தாண்டினால் கசகசா என்ற பதில் எடுபடாது. படைவீரர்கள் கசகசாவைத் தவிர்க்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர் பெட்டியில் கசகசாப் பொட்டலம் வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த எச்சரிக்கைதான்.

ஆய்வகத்தின் முடிவு நேராக முதலாளிக்குப் போவதில்லை. நடுவில் ஒரு மருத்துவர் இருக்கிறார். அவர் ஊழியரைத் தொலைபேசியில் அழைத்து, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சீட்டு இருக்கிறதா என்று கேட்பார். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரைதான் காரணம் என்று உறுதியானால் முதலாளிக்குப் போகும் முடிவு 'இல்லை' என்பதுதான். மருந்துப் பட்டியலைச் சிறுநீர் வாங்குகிறவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதைப் பலர் அறியாமல் வீட்டு நோய்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். முடிவை ஏற்காதவர் 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது குப்பியை வேறோர் ஆய்வகத்தில் திறக்கச் சொல்லலாம். அதற்குப் பணம் யார் கட்டுவது என்ற சண்டை தீரும்வரை சோதனையை நிறுத்திவைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் குப்பி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது, இந்தப் பொருள் இந்த உடம்புக்குள் எப்போதோ போனது என்று. வேலை நேரத்தில் அவர் நிதானத்தில் இருந்தாரா என்பது அதற்குத் தெரியாது. கஞ்சாவின் சிதைபொருள் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும். எப்போதாவது பிடிப்பவருக்குச் சில நாள், தினமும் பிடிப்பவருக்கு வாரக்கணக்கு. கொக்கெய்னின் தடமோ இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆக, விடுமுறையில் கஞ்சா பிடித்தவர் மாட்டுவார், போன வாரம் கொக்கெய்ன் எடுத்தவர் தப்புவார். மதுவுக்கு மட்டும் மூச்சுச் சோதனை இருப்பதால் அந்த நிமிட நிலை தெரிகிறது.

நிமிட்ஸ் விபத்தில் ஒரு பாதிக் கதை பாக்கி இருக்கிறது. அந்த விமானியின் உடலில் கஞ்சா இல்லை. இருந்தது அளவுக்கு மிஞ்சிய ஒரு சளி, ஒவ்வாமை மருந்து. மயக்கம் தரக்கூடியது, மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. இன்று லாரி ஓட்டுநரிடம் வாங்கும் குப்பியிலும் அந்த வகை மருந்தைத் தேடுவதில்லை. தூக்கமில்லாமல் பதினாறு மணி நேரம் விழித்திருந்ததையும் எந்தக் குப்பியும் காட்டாது.

பல மாநிலங்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, குப்பி சொல்வதற்கும் வேலை நேர நிதானத்துக்கும் உள்ள இந்த இடைவெளி பெரிய சிக்கலாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், போதை தராத சிதைபொருள் மட்டும் இருக்கிறது என்பதற்காகப் பெரும்பாலான வேலைகளில் ஆளை நீக்க முடியாது. அமேசான் நிறுவனம் 2021-லேயே, மத்திய போக்குவரத்து விதிக்குள் வராத வேலைகளுக்குக் கஞ்சாச் சோதனையை விட்டுவிட்டது. லாரி ஓட்டுநருக்கு மட்டும் பழைய விதிதான். அவர் ஊரில் கடையில் விற்கிறது, அவர் வாங்கினால் வேலை போகும். எச்சில் சோதனை சமீபத்திய பயன்பாட்டைக் காட்டும் என்பதால் 2023-இல் அதற்கும் விதியில் இடம் கொடுத்தார்கள்.

பிடிபட்டவர் உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். 2020-இல் தொடங்கிய மத்தியப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறும், அடுத்த முதலாளி அதைப் பார்த்துத்தான் வேலை தர முடியும். ஆனால் கதவு ஒரேயடியாக மூடவில்லை. போதைப் பழக்க ஆலோசகர் சொன்ன சிகிச்சையை முடித்துத் திரும்பினால், முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 தடவை சொல்லாமல் சோதிப்பார்கள். முதலாளி அவரை மறுபடி வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இந்தியாவில் 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேரை இப்படிச் சோதிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் விதித்திருக்கிறது. அங்கும் முதல் சோதனையில் சிக்கியதை ஆய்வகம் உறுதி செய்த பிறகே முடிவு. சென்னையில் ஐ.டி. வேலைக்குச் சேர்கிறவர் கொடுக்கும் சிறுநீருக்கு அப்படித் தனி விதி கிடையாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் அதைக் கேட்கிறது, நம் பிள்ளை கையெழுத்துப் போடுகிறான். போடும் முன் மனிதவளப் பிரிவில் இரண்டு விஷயம் கேட்டு வைக்கலாம். முதல் சோதனையில் ஏதாவது காட்டினால் வேறு முறையில் உறுதி செய்வீர்களா? முடிவை எழுதும் முன் ஒரு மருத்துவர் என்னைக் கூப்பிட்டுப் பேசுவாரா?