பழைய பிக்கப்புக்குப் பட்டை கூட்டுவதா, பழுது நீக்குவதா?

மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம், வலையங்குளம், திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் பொழுது விடியுமுன்பே மல்லிகை பறிப்பு தொடங்கிவிடும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாக இருக்கும்போதே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். காய்கறி, பால், தீவனம் எல்லாமே இன்று சிறிய சரக்கு வண்டிகளில்தான் போகின்றன. 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து விவசாயிகள் பலரும் இத்தகைய வண்டிகளைச் சொந்தமாக வாங்கத் தொடங்கினார்கள். அவற்றில் பலவும் இப்போது பத்து, பதினைந்து வயதைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டி பழசானதும் பின்பக்கம் தாழ்கிறது, ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போடுகிறது. உடனே ஒர்க்‌ஷாப்பில் "இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துடலாம்" என்கிறார்கள். எப்போதாவது ஏற்றும் முழுப் பாரத்துக்கு அது உதவுவதுபோலத் தெரியும். தினசரி ஓட்டத்துக்கோ பெரும்பாலும் அதுவே கெடுதல்.

வில்வண்டி சொல்லும் பாடம்

மாட்டு வண்டிக் காலத்திலேயே இந்த வேறுபாட்டை நம் ஊர் அறிந்திருந்தது. பாரம் ஏற்றும் வண்டிக்கு வில் கிடையாது. ஆட்கள் ஏறிப் போகும் வண்டிக்கு அடியில் இரும்பு வில் இருந்ததால் அதற்கு வில்வண்டி என்று பெயர். பிக்கப்பின் பின் அச்சில் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளும் அதே வில்தான். மெக்கானிக்குகள் பிளேட் என்பார்கள். வில் வளைந்தால்தான் அதிர்ச்சியை வாங்கும். வளையாத வில் வெறும் இரும்புக்கட்டை.

ஒரே நீளமும் கனமும் கொண்ட ஐந்து பட்டைகளோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். கனத்தை மாற்றினால் விளைவு இன்னும் பெரிது. 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. பட்டை போட்டால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்.

தன்மேல் நிற்கும் பாரத்துக்கு 10 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங், வினாடிக்கு ஒன்றரை தடவைக்குச் சற்று மேல் ஆடும். அதே பாரத்துக்கு 2.5 செ.மீ. மட்டுமே அமுங்கினால், மூன்று தடவைக்கு மேல் ஆடும். பாரம் மிகக் குறைவாக இருக்கும்போது பட்டைகள் ஒன்றோடொன்று இறுகி வளையாமலே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது டயர் மட்டுமே ஸ்பிரிங்காக வேலை செய்யும், அதிர்வு இன்னும் வேகமாகும். உட்கார்ந்திருக்கும் மனிதரின் இடுப்பும் முதுகும் வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வைத்தான் தாங்க மாட்டாமல் தவிக்கும். வருடக்கணக்கில் தினமும் ஓட்டுபவருக்கு முதுகுவலி வர இதுவும் ஒரு காரணம்.

சரக்குக்கும் இதே கதிதான். பூ மூட்டையும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 200, 300 கிலோதான் என்றால், முக்கால் டன்னுக்கு விறைப்பாக்கிய பட்டை அசையாது. தக்காளிப் பெட்டியும் முட்டை அட்டையும் அத்தனை குலுக்கலையும் வாங்கிக்கொள்ளும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

செலவு குறைந்த வேலையிலிருந்து தொடங்குவதே நல்லது. பல வண்டிகளில் பாதி வழியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

1. டயர் காற்று: வண்டி ஓடுமுன், டயர் சூடாகாத நிலையில் பார்க்க வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவே சரி. முழுப் பாரத்துக்கான காற்றோடு வெறும் வண்டியாக ஓட்டினால் துள்ளும்.

2. உயரம்: சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே பாடியின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமான பாரம் ஏற்றி மறுபடி அளந்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியும். இடமும் வலமும் கணிசமாக வேறுபட்டால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம்.

3. புஷ், ஷேக்கிள் பின்: ரப்பர் வெடித்திருந்தாலோ பின் தேய்ந்திருந்தாலோ 'டக் டக்' என்ற சத்தம் வரும், வண்டி நேராக ஓடாது. பழைய வண்டிகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் இவைதான்.

4. யு போல்ட், சென்டர் போல்ட்: யு போல்ட் தளர்ந்தால் அச்சு நகரும், சென்டர் போல்ட் அறுபடும். பட்டையைக் கழற்றி மாட்டினால் புது யு போல்ட் போடுவது பாதுகாப்பு. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்க வேண்டும்.

5. ஷாக் அப்சார்பர்: எண்ணெய் கசிந்தால் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்காது, ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. ஆகவே தாழ்ந்த வண்டியை அது உயர்த்தாது.

6. பட்டை: இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி தாழ்ந்திருந்தால், அந்த மாடலுக்கு உரிய முழு செட்டை இரு பக்கமும் மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. ஒடிந்த பட்டையை வெல்டிங் செய்து ஓட்டக்கூடாது. உலையில் காய்ச்சி வளைவு ஏற்றினால், முறையாகப் பதப்படுத்தாதவரை எஃகின் பதம் போய் மறுபடி தாழும், அல்லது ஒடியும். பழைய பட்டை கொல்லன் பட்டறைக்குப் போய் அரிவாளாகட்டும், மறுபடி அச்சின் மேல் ஏற வேண்டாம்.

சில நாள் பாரம், பல நாள் வெறும் ஓட்டம் என்பவர்களுக்கு ஹெல்பர் ஸ்பிரிங் ஏற்றது. குறிப்பிட்ட அளவு அமுங்கிய பிறகே அது பாரத்தைத் தாங்கத் தொடங்கும். அதுவரை வண்டி மிருதுவாகவே ஓடும்.

மெதுவாக்கினால் மட்டும் போதாது

தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. அடுத்தடுத்த நாட்களில் பாலமேடு, அலங்காநல்லூர். காளைகள் இதே வண்டிகளில்தான் வந்து இறங்குகின்றன. நின்றுகொண்டு பயணிக்கும் காளையின் எடை உயரத்தில் இருக்கிறது, அது அங்கும் இங்கும் நகரவும் செய்யும். தளர்ந்த பட்டையும் செத்த ஷாக் அப்சார்பரும் உள்ள வண்டி ரிங் ரோட்டு வளைவில் சாய்ந்தால் காளை நிலைதடுமாறும், வண்டியே கவிழவும் கூடும். விறைத்த வண்டியில் காளையின் கால் மூட்டு அடிபடும். இரண்டுக்கும் நடுவே, ஆட்டம் அடங்கிய ஸ்பிரிங்தான் தேவை. தளத்தில் மணலோ வைக்கோலோ பரப்பினால் வழுக்காது.

பட்டை கூட்டும்போது பலரும் மறப்பது பிரேக்கை. சில வண்டிகளில் பின் அச்சையும் சேஸிஸையும் இணைக்கும் கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். பட்டை கூட்டி உயர்த்திய வண்டியில் பாரம் இருந்தும் 'வெறும் வண்டி' என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடும். எனவே வேலை முடிந்ததும் இந்த வால்வு, அலைன்மென்ட், ஹெட்லைட்டின் கோணம் மூன்றையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

விவசாயிகள் கேட்கும் சில கேள்விகள்

பட்டை கூட்டினால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைதான் வரம்பு. அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் அந்த எடைக்குச் செய்யப்பட்டவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில், 2019 திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதையும் நினைவில் வைக்கவும்.

பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் தடவலாமா?

மண்ணும் தூசியும் அதில் ஒட்டித் தேய்மானத்தைக் கூட்டும். பட்டைகளின் நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு வைத்த செட்டாக இருந்தால் தேய்ந்ததை மாற்றினாலே போதும். கண்மாய்ச் சேற்றில் ஓடி வந்தால் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

வேலை எதுவும் செய்யாமலே சரக்கைக் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. அதிர்வு மிகுதியாக இருப்பது பின் அச்சுக்கும் பின்னால், வண்டியின் வால் பகுதியில். தக்காளி, முட்டை போன்றவற்றை முன்பக்கமாக அடுக்கி, மேல் பெட்டி துள்ளாதபடி இறுக்கிக் கட்டுங்கள். அதிகம் குலுங்குவது மேல் அடுக்குதான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "பின்னாடி தூக்கிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாமல், தினமும் எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள், மாதத்தில் எத்தனை நாள் முழுப் பாரம் என்பதையும், டேப்பில் அளந்த உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பட்டை வேண்டும் என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.