முறை தவறாத காய்ச்சல்

மலேரியாவுக்கு முறைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தவர்கள் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கத்தோடு வரும் அந்த முறைக்குக் காரணம், ஒட்டுண்ணிகள் நம் சிவப்பணுக்களுக்குள் ஏறத்தாழ 48 மணி நேரம் வளர்ந்து, ஒரே சமயத்தில் அவற்றை உடைத்து வெளியேறுவதுதான். இந்த நேரக்கணக்கு யாருடையது? நம் உடலின் பகல்-இரவு ஒழுங்கை ஒட்டுண்ணி பின்பற்றுகிறது, அவ்வளவுதான் என்பார்கள். அது பாதி உண்மை. 2020-இல் வெளியான ஆய்வுகளில், உடற்கடிகாரம் இல்லாத எலிகளிலும் அதன் தாளம் உடனே குலைந்துவிடவில்லை. ஆய்வுக்கூட இரத்தத்தில் வளர்ந்த மனித மலேரியா ஒட்டுண்ணியும் தாளம் தப்பவில்லை. கடிகாரம் அதனிடமும் இருக்கிறது.

அந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் அனாபிலிஸ் கொசுவும் நேரம் பார்த்தே கடிக்கும். பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் நடுவில். கொசுவலை பலன் தருவது, அது கடிக்கும் நேரமும் நாம் உறங்கும் நேரமும் பொருந்துவதால்தான். வலை கட்டினால் கொசு நேரத்தை மாற்றிக்கொள்ளாதா என்பது நியாயமான கேள்வி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், வலைகள் பரவிய பிறகு ஒருவகை அனாபிலிஸ் விடியலை ஒட்டிக் கடிப்பது கூடியிருக்கிறது. அதற்காக வலையைச் சுருட்டி வைக்க வேண்டாம். உறங்குபவரை அது இன்றும் காக்கிறது. ஆனால் தேனி மாவட்டத்தில் சிலமலை, போடிப் பக்கம் கருக்கலில் எழுந்து ஏலத்தோட்ட ஜீப்புக்குக் காத்து நிற்பவர் வலைக்கு வெளியே இருக்கிறார். ஜீப் வரும்வரை முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் வேண்டும்.