இல்லத்தில் புனிதர் வரலாறு

கத்தோலிக்க இல்லங்களில் மாலைச் செபம் முடிந்ததும் குழந்தைகளுக்குப் புனிதர் வரலாறு கூறுவது நல்வழக்கம். ஆயினும், கூறும் முறையில் கருத்து வேண்டும். துன்பங்களையே அடுக்கினால் குழந்தை அஞ்சும். அற்புதங்களையே அடுக்கினால் புனிதரை மனிதராகவே எண்ணாது.

எடுத்துக்காட்டாக, இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் வரலாற்றைக் கொள்ளலாம். பொருளிழந்து வருந்திய அவருக்கு, திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் என்பார் விவிலியத்து யோபுவின் கதையை எடுத்துரைத்தார். அக்கதை அவர் வாழ்வையே மாற்றியது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகினார். சிறைப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதரென அறிவித்தது.

இதனைக் கூறும் தாய், சுடப்பட்ட காட்சியிலேயே நின்றுவிடாது, "கொள்கையை விட்டிருந்தால் பிழைத்திருப்பாரே, ஏன் விடவில்லை?" என வினவுதல் வேண்டும், விடையைத் தாமே கூறாது காத்திருத்தல் வேண்டும். புலியூர்க்குறிச்சிப் பாறையில் அவர் தட்ட நீர் சுரந்தது என்பதை, மக்கள் வழிவழியாகக் கூறிவருவது எனப் பிரித்துரைப்பதே நேர்மை. அவ்வாறு உரைத்தால், வளர்ந்தபின் பிள்ளைக்கு ஐயம் தோன்றினும் தாய்மேல் கொண்ட நம்பிக்கை குன்றாது.

தக்க வேளையில் சொன்ன ஒரு கதையே நீலகண்டனைத் தேவசகாயம் ஆக்கியது என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.