கடல் மீன் தொட்டியில் பாசி, பூச்சி படையெடுப்பு: மருந்து ஊற்றும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து தேவனூர் நாட்டுக்குப் போய்விட்டால், கடற்கரை பல மணி நேரப் பயணத் தூரம். ஆனாலும் அங்கே ஒரு வீட்டு ஹாலில் கடல் மீன் வளர்க்க முடியும். சுத்திகரித்த தண்ணீர், அதில் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக, தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை. அவ்வளவுதான், 'கடல்' ரெடி. பிரச்சினை என்னவென்றால், மீனும் கல்லும் வரும் அதே பையில் பாசியும் ஒட்டுண்ணியும் சேர்ந்து மலையேறி வந்துவிடும்.

2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது சம்பளம் வாங்கும் வயதில் இருக்கிறார்கள். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கோமாளி மீனைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகிறது. தொட்டி வைத்த மூன்றாவது வாரம் மணல் முழுக்கப் பழுப்புப் பொடி படிகிறது. உடனே பதற்றம்.

முதல் பழுப்புக்குப் பயப்படாதீர்கள்

புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயட்டம் வகை. தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிகாவை உண்டு வளரும். அது தீர்ந்ததும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். இதற்கு மருந்து தேவையில்லை, பொறுமைதான் தேவை. கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

அடுத்து வரும் பச்சை முடிப் பாசிதான் உண்மையான தலைவலி. மீன் சாப்பிடுகிறது, கழிவு போடுகிறது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீவனத்திலிருந்து பாஸ்பேட் வேறு சேர்கிறது. வயலுக்கு உரம் போட்டது போலத்தான்! மேலே எல்இடி வெளிச்சம் 12 மணி நேரம் எரிந்தால், பாசிக்கு இதைவிடச் சொர்க்கம் எது?

பலர் தவறவிடும் இடம் தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகா எல்லாம் ஏற்கெனவே இருக்கலாம். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ கருவி இவற்றைக் குறைக்கும், முழுதாக எடுக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் ஆர்ஓவுக்குப் பிறகு டிஅயனைசேஷன் வடிகட்டி ஒன்றையும் சேர்த்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டிய பிறகே உப்பைக் கரைக்கிறார்கள்.

சரி, ஏற்கெனவே முளைத்துவிட்டால்? கையால் பிடுங்குங்கள். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் இதைவிட வேகமான வழி கிடையாது. பிடுங்கிய பாசியோடு அது உறிஞ்சி வைத்த சத்தும் வெளியே போய்விடுகிறது. பாசி தின்னும் டர்போ நத்தைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உறைந்த தீவனத்தை உருக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தீவனத்தை மட்டும் போடுங்கள். விளக்கு நேரத்தை 8 மணி நேரமாகக் குறையுங்கள். வாரம் 10 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள்.

பூஜ்ஜியமும் ஆபத்துதான்

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். "சத்துதானே காரணம்" என்று நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கினால், போட்டிக்கு ஆளில்லாத தொட்டியில் டைனோஃப்ளாஜெல்லேட் புகுந்துவிடுவது உண்டு. மூக்குச்சளி போல பழுப்பு இழை, நடுவே காற்றுக் குமிழ் என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். சில வகைகள் நஞ்சு சுரப்பதால், அதைத் தின்ற நத்தைகள் செத்துப்போகும். பழக்கதோஷத்தில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் நிலைமை மோசமாகலாம். சத்தை மெதுவாக ஏற்ற வேண்டிய இடம் இது. ஆக, பழுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. மலிவான மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தால் பல ஆயிரம் ரூபாய் மருந்துச் செலவு மிச்சம்.

மணலில் சிவப்புப் பட்டுத்துணி விரித்தது போல் வருவது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. அதனால் ஆன்டிபயாடிக் ஊற்றினால் இரண்டே நாளில் மாயமாகும். ஆனால் மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் சரியும், மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதமே திரும்பி வரும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் தேங்கும் மூலையை நோக்கிப் பம்பைத் திருப்புவது நல்லது.

நசுக்கினால் பெருகும் எதிரி

பூச்சி வகையில் பெயர்போனது ஐப்டேசியா. பழுப்பு நிறக் குட்டிப் பனைமரம் போல் இருக்கும் கடல் சாமந்தி இது. அழகாக இருக்கிறதே என்று விட்டால் தொட்டியையே பிடித்துவிடும். மற்ற உயிர்களைக் கொட்டும். கோபத்தில் சுரண்டினால் இன்னும் மோசம், விட்டுப்போன துணுக்கிலிருந்தே புதிதாக முளைக்கும். சுண்ணாம்புக் கூழை ஊசியில் எடுத்து ஒவ்வொன்றின் வாயிலும் செலுத்துவது ஒரு வழி. ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லா நத்தையை விடுவது இன்னொரு வழி. எதிரி தீர்ந்ததும் அது பட்டினியால் செத்துவிடும் என்பதால், அதற்குள் வேறு தொட்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இயற்கை எதிரியை வைத்து அடக்கும் இந்த யோசனை நாமக்கல், சேலம் மரவள்ளி விவசாயிகளுக்குப் புதிதல்ல. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்கும் பரவியது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவிக்கப்பட்ட அனாகிரஸ் லோபெசி என்ற குட்டிக் குளவி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

மீன் உடலில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி வந்தால் அது கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி. இதற்குத் தாமிர மருந்து உண்டு. ஆனால் அதைத் தனித் தொட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பிரதான தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால் எல்லாம் காலி. மீன்களை வெளியேற்றிய பிறகு பிரதான தொட்டியை ஏறக்குறைய இரண்டரை மாதம் மீனே இல்லாமல் வைத்திருக்க வேண்டும். புது மீனை ஒரு மாதம் தனியாக வைத்துக் கவனிப்பது இதைவிட எவ்வளவோ சுலபம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தையே உருவாக்கியிருக்கிறது. எனவே கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடையில் கேளுங்கள். பவளம் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

பிடுங்கிய பாசியை எங்கே போடுவது?

கடலில் மட்டும் போடாதீர்கள். 1984-ல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே, தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட கௌலர்பா டாக்சிஃபோலியா என்ற பாசி கடலில் ஒரு சிறு திட்டாகத் தென்பட்டது. பிறகு அது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா கடற்கரைகள் வரை பரவியது. அதே பாசி 2000-ல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் தலைகாட்டியபோது, தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது.

நம் ஊரிலும் கதை உண்டு. ஐஸ்கிரீம், பற்பசையில் சேரும் கராஜீனனுக்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின் மேல் பாய் விரித்தது போல் படர்ந்திருப்பதை 2008-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பாசி வளர்ப்பு ராமநாதபுரம் மீனவப் பெண்களுக்கு வருமானம் என்பதால் அந்த விவாதம் சுலபத்தில் முடியாது. ஆனால் வீட்டுத் தொட்டிக்காரருக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

பிடுங்கிய பாசியை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பையில் போடலாம். மாற்றிய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றலாம். செடிக்கு ஊற்றாதீர்கள், அது உப்புத் தண்ணீர்.