கொல்லையில் ஒரு குளம்

"வீட்டிலேயே குட்டை வெட்டிக் கொசுவுக்கு வாடகையில்லாமல் இடம் கொடுக்கப் போகிறாயா?" என்று கேட்டார் என் மாமியார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. சென்னைவாசிகளுக்குக் கொசுவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதிலும் வீட்டில் இரண்டரை வயசுப் பையன் ஓடி விளையாடுகிறான். ஆனால் துணிக் கொடிக்கும் வாழைக்கும் நடுவே 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்ததே! அங்கே நாலு அல்லிப் பூ மலர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. "கொசு வந்தால் என் கையாலேயே மூடிவிடுகிறேன், அத்தை" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கொத்தனாரை அழைத்தேன்.

தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றரை அடி. இதைவிடக் குறைத்தால் கத்திரி வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். பாவம், மீன்கள் திணறும். எங்கள் குளம் பிடிப்பது சுமார் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் கனம். மொட்டை மாடியில் குளம் கட்ட நினைக்கும் சகோதரிகள் முதலில் ஓர் இஞ்சினீயரைக் கேட்பது உத்தமம். மரத்தடியும் வேண்டாம். உதிரும் இலை அழுகி நாற்றமெடுக்கும். அல்லியும் வெயில் இல்லாமல் பூக்காது. ஐப்பசி மழைக்குக் குளம் வழியும்போது மீன்களும் கூடவே யாத்திரை கிளம்பாமலிருக்க, மேல் விளிம்பில் வலை கட்டிய ஒரு குழாய் வைத்தோம். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது.

கட்டி முடித்த அன்றே மீன் விடத் துடித்தேன். நல்ல வேளை, கொத்தனார் தடுத்தார். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மீனைக் கொன்றுவிடுமாம். வாழைத் தண்டை நறுக்கிப் போட்டு ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்து, மூன்று வாரம் காத்திருந்தோம். குழாய்த் தண்ணீரையும் இரண்டு நாள் திறந்த தொட்டியில் வைத்துக் குளோரின் போன பிறகே விட்டோம்.

அல்லியைக் களிமண் நிரப்பிய தொட்டியோடு இறக்கினேன். வெள்ளல்லி இரவில் மலர்ந்து, மறுநாள் வெயில் ஏறியதும் கூம்பிவிடும். நீல அல்லி பகலில் விரியும். காலையில் ஓடிப்போய் இருட்டிய பின் வீடு திரும்பும் என் போன்றவர்களுக்கு வெள்ளல்லிதான் சரியான தோழி! இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் போதும், பாசி அடங்கிவிடும். யாராவது வெங்காயத் தாமரையை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அது குளத்தையே விழுங்கிவிடும்.

பிறகு கப்பி மீன் பத்து விட்டேன். விரல் நுனி அளவுதான் இருக்கும். ஆனால் கொசுப் புழுவைக் கண்டால் விடாது. குட்டி போட்டே பெருகும் ஜாதி. அதிகமானால் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாமே தவிர, ஏரி குளத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. அங்குள்ள நம் நாட்டு மீன்களுக்கு அது ஆபத்து. மீனுக்கு இரை போடுவதிலும் கை தாராளம் கூடாது. வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடாது; மிஞ்சிய இரை தண்ணீரையும் கெடுக்கும்.

மூன்றாம் மாதம் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியில் இருக்கும் பெண்மணி டார்ச் விளக்குடன் வந்தார். மாமியார் அவரை நேரே குளத்தங்கரைக்கு அழைத்துப் போனார். பார்வையில் வெற்றிக் களை! அந்த அம்மாள் குனிந்து நன்றாகப் பார்த்தார். ஒரு புழு கூட இல்லை. அடுத்து குரோட்டன்ஸ் தொட்டிகளின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு எல்லாம் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். ஜன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடியில் மணிபிளாண்ட் செழித்திருந்தது. அதில் விளக்கை அடித்தார். துள்ளித் துள்ளி நெளிந்தன புழுக்கள்!

அந்த ஜாடி என் மாமியாருடையது.

டெங்கு பரப்பும் கொசுவுக்கு இப்படிப்பட்ட சுத்தமான, அசையாத தண்ணீர்தான் இஷ்டம். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். கடிப்பதும் பெரும்பாலும் பகலில். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்றார் அந்த அம்மாள். முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக் கணக்கில் உயிரோடிருக்குமாம். வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அன்று சாயங்காலமே மணிபிளாண்ட் மண் தொட்டிக்குக் குடிபோயிற்று. நான் ஒன்றும் பேசவில்லை; பேசுவேனா?

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில் குளம் ஆடம்பரமில்லையா என்று கேட்கலாம். கடுங்கோடையில் எங்கள் குளத்தில் ஆவியாவது நாளுக்குச் சுமார் ஒரு வாளி. கழித்து இறைக்கும் தண்ணீர், மீன் கழிவின் உரத்தோடு கத்தரிச் செடிக்குப் போகிறது. ஆனாலும் குடிதண்ணீருக்கே திண்டாடும் வீட்டில் இந்த ஆசையை ஒத்திப்போட வேண்டியதுதான்.

குழந்தை விஷயத்தில் மட்டும் மாமியாரும் நானும் முதல் நாளிலிருந்தே ஒரே கட்சி. சின்னக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே எமன். சத்தம் கூடக் கேட்காது. சுற்றுச் சுவர் எழுப்பினால் போதுமென்றார் கொத்தனார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறவனுக்குச் சுவர் எந்த மூலைக்கு? குளம் முழுவதையும் மூடி, பையனின் எடையைத் தாங்கும் இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுப் பூட்டியிருக்கிறோம். இலைகள் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கின்றன. அழகு கொஞ்சம் குறைவுதான். சாவி மாமியாரின் இடுப்பில் இருக்கிறது.